மூன்று மணித் தலைவலிக்கு ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?

கேள்வி: மதுரை மேல வெளி வீதியில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் ஆடிட்டர் அலுவலகம் இருக்கிறது. நான் அங்கே நிர்வாகம் பார்க்கிறேன். 20-க்கு 30 அடி ஹால், 22 பேர், நான்கு ஸ்பிளிட் ஏசி. ஏழு மாதத்துக்கு முன்னால் 9 அடி உயரத்தில் ஃபால்ஸ் சீலிங், புது மேஜை, அலமாரி எல்லாம் போட்டோம். ரோட்டுத் தூசியும் ஹாரன் சத்தமும் வராமல் இருக்க முன்பக்க ஜன்னல்களைக் கண்ணாடி வைத்து ஒரேயடியாக அடைத்துவிட்டோம். பின்பக்கம் வராண்டாவை ஒட்டி இரண்டு ஜன்னல் உண்டு, திறப்பதில்லை. இப்போது மதியம் மூன்று மணிக்குள் பாதிப் பேருக்குத் தலைவலி, கண்ணைச் சுழற்றும் தூக்கம். காலையில் கதவைத் திறந்ததும் கண் எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் ஒன்றும் இல்லை. வீசிங் உள்ள ஒரு பெண் அடிக்கடி லீவு எடுக்கிறாள். கரண்ட் போனால் பக்கத்துச் சந்தில் கட்டடத்தின் ஜெனரேட்டர் ஓடும். ஓசோன் விடும் ஏர் பியூரிஃபையர் ஒன்றும் பத்துத் தொட்டிச் செடியும் வாங்கலாம் என்கிறார் எங்கள் முதலாளி. வாங்கலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இரண்டையும் இப்போது வாங்க வேண்டாம். ஓசோன் மெஷினை எப்போதுமே வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் வெளிக்காற்று உள்ளே வர ஒரு வழி செய்யுங்கள். கட்டடங்களுக்கு ஏசியும் காற்றோட்டமும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. காலையில் கண் எரிவது வேறு, மதியம் தலை வலிப்பது வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் ஒரே மெஷினில் தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது.

மதியத் தலைவலியை முதலில் பார்ப்போம். ஏசி ஓடினால் வெளிக்காற்று வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே மாட்டியிருக்கும் பெட்டி காற்றை இழுத்து உள்ளே தள்ளுகிறது என்று என்னிடம் சொல்லாத வாடிக்கையாளர் குறைவு. அப்படி இல்லை. அந்த இரண்டு பெட்டிக்கும் நடுவே செப்புக் குழாயில் போய் வருவது கேஸ் மட்டும்தான். அறையின் சூட்டை எடுத்துப் போய் வெளியே கொட்டுவது அதன் வேலை. ஸ்பிளிட் ஏசி உங்கள் ஹாலில் இருக்கும் அதே காற்றைத்தான் உறிஞ்சிக் குளிராக்கித் திரும்ப விடுகிறது. காலை பத்து மணிக்கு 22 பேர் விட்ட மூச்சு, யாராவது கதவைத் திறந்தால் ஒழிய, மாலை வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

கணக்குப் பார்க்கிற அலுவலகம், அதனால் கணக்காகவே சொல்கிறேன். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறார். 22 பேருக்கு ஏறக்குறைய 400 லிட்டர். உங்கள் ஹாலின் கொள்ளளவு 5,400 கன அடி, அதாவது 1,53,000 லிட்டர். காற்று துளியும் மாறாவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் பத்து லட்சத்தில் 2,600 பங்கு ஏறும். இந்தப் 'பத்து லட்சத்தில் ஒரு பங்கு' என்பதைத்தான் மீட்டரில் பிபிஎம் என்று போட்டிருப்பார்கள். வெளிக்காற்றில் இது இப்போது 420-க்குச் சற்று மேலே இருக்கிறது. கதவிடுக்கு வழியாகவும் ஆட்கள் வந்து போவதாலும் கொஞ்சம் காற்று மாறத்தான் செய்யும். அதையும் சேர்த்துப் பார்த்தால், மதியத்துக்குள் உங்கள் ஹால் 2,000-க்கும் 3,000-க்கும் நடுவில் போய் நிற்கும் என்பது என் கணிப்பு.

ஜெர்மனியில் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர், ஆட்கள் இருக்கும் அறையில் இது 1,000-ஐத் தாண்டக்கூடாது என்று 1858-லேயே சொன்னார். இன்றைக்கும் நாங்கள் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் அளவு கிட்டத்தட்ட அதுதான். உடனே பயப்பட வேண்டாம். 2,500 பிபிஎம் என்பது விஷம் இல்லை. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்ச வரம்பே 5,000. எங்களுக்கு இந்த எண் ஓர் அடையாளம். இது ஏறியிருந்தால், 22 பேரின் மூச்சோடும் உடம்போடும் வரும் மற்ற எல்லாமே, வியர்வை வாடை, சளிக் கிருமி உட்பட, சேர்ந்தே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். 2012-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தார், உங்கள் ஹாலைப் போலவே 22 பேரை, சிறு சிறு குழுவாக உட்கார வைத்து, 600, 1,000, 2,500 என்று மூன்று அளவில் முடிவெடுக்கும் திறனைச் சோதித்தார்கள். 2,500-ல் திறன் நன்றாகவே இறங்கியது. பிறகு நடந்த சோதனைகளில் சிலவற்றில் அந்த அளவு இறக்கம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடைத்த அறையில் தலை கனக்கிறது, தூக்கம் வருகிறது என்பதற்கு உங்கள் ஆட்களே சாட்சி. செப்டம்பர் கடைசியில் ஆடிட் ரிப்போர்ட் போடும் நாட்களில் ராத்திரி பத்து வரை அதே ஹாலில் உட்கார்ந்து எண்களைச் சரிபார்க்கிறவர்கள் அவர்கள். இதை முதலாளியிடம் சொல்லுங்கள், அவருக்குச் சட்டென்று புரியும்.

நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கும்போது 'என்டிஐஆர்' சென்சார் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மலிவாக வரும் பல மீட்டர்கள் வேறு வாயுக்களை அளந்து, அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடை ஊகித்துக் காட்டுகின்றன. பக்கத்தில் சென்ட் அடித்தாலே அதில் எண் எகிறும். வாங்கியதும் மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்க் கால் மணி நேரம் வையுங்கள். 420-லிருந்து 450-க்குள் காட்டினால் நம்பலாம். அப்புறம் ஹாலின் நடுவில், யாருடைய மூச்சும் நேராகப் படாத இடத்தில் வைத்து, காலையில் திறந்ததும், பன்னிரண்டு மணிக்கு, சாப்பாடு முடிந்து வந்ததும், நான்கு மணிக்கு என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். நடுவில் இரண்டு நாள் மட்டும் பதினொன்று, ஒன்று, மூன்றரை ஆகிய நேரங்களில் பத்து நிமிடம் பின்பக்க ஜன்னலையும் வாசல் கதவையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது, எதிரெதிரே திறந்தால்தான் ஓடும். அந்த இரண்டு நாள் யாருக்குத் தலை வலித்தது, யாருக்கு வலிக்கவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். முதலாளிக்குக் காட்ட அதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

நிரந்தர ஏற்பாடாக ஆளுக்கு நிமிடத்துக்கு 20 கன அடி வெளிக்காற்று வர வேண்டும். 22 பேருக்கு 440 கன அடி, மணிக்கணக்கில் சொன்னால் சுமார் 750 கன மீட்டர். இது வந்தால் மீட்டர் 1,000-க்குள் நிற்கும். இங்கேதான் பலர் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். எக்ஸாஸ்ட் காற்றை வெளியே தள்ளும், சரி. தள்ளிய அளவு காற்று எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். வழி நாம் வைக்காவிட்டால் அது கக்கூஸ் பக்கத்திலிருந்து வரும், மாடிப்படியிலிருந்து வரும், ஜெனரேட்டர் ஓடும் சந்திலிருந்து வரும். அதனால் உங்கள் இடத்துக்கு நான் சொல்வது, உள்ளே தள்ளும் ஃபேனை முதலில் வையுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குழாயின் நடுவில் பொருத்தும் ஒரு இன்லைன் ஃபேன், அதற்கு முன்னால் ஒரு ஃபில்டர் பெட்டி, அங்கிருந்து டக்ட் என்கிற காற்றுக் குழாய் வழியாக ஹாலில் மூன்று நான்கு இடத்தில் காற்று இறங்க வேண்டும். வெளியேற்றும் அளவு உள்ளே தள்ளும் அளவைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். அப்போது ஹாலில் இருக்கும் காற்று இடுக்குகள் வழியாக வெளியே போகப் பார்க்கும். ரோட்டுத் தூசி தானாக உள்ளே நுழையாது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வாசல் கதவை விரற்கடை திறந்து அங்கே ஒரு துண்டு செய்தித்தாளைத் தொங்க விடுங்கள். தாள் வெளிப்பக்கம் சாய வேண்டும்.

காற்றை எங்கிருந்து எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். பெரியார் பஸ் நிலையத்துக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் வருகிற பஸ்ஸும் ஆட்டோவும் உங்கள் வாசலில்தான் போகின்றன. முன்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டாம். பின்பக்கம், முடிந்தால் மொட்டை மாடி உயரத்தில், ஜெனரேட்டர் புகைக்கும் கக்கூஸ் வென்ட் பைப்புக்கும் ஹோட்டல் சமையலறைப் புகைக்கும் எட்டாத இடத்தில் எடுங்கள். ஃபில்டரில் இரண்டு அடுக்கு வேண்டும். கழுவக்கூடிய சாதா வலை ஒன்று, அதற்குப் பின்னால் 'மெர்வ் 13' தரத்தில் நுண்தூசி பிடிக்கும் ஃபில்டர் ஒன்று. கடையில் ஃபேனைக் கேட்கும்போது பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அது எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது தள்ளும் அளவு. ஃபில்டரும் டக்டும் சேர்ந்தால் நன்றாகக் குறைந்துவிடும். ஃபில்டர் தடையோடு 440 கன அடி வர வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். ஆடிக் காற்று வீசும் மாதங்களில் முன் வலையை வாரம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும். மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

கரண்ட் பில்? ஏறும். மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. சித்திரை வெயிலில் 39 டிகிரி காற்றை 440 கன அடி உள்ளே விட்டால், உச்சி நேரத்தில் சுமார் 2 டன் ஏசி அளவுக்குக் கூடுதல் வேலை என்று என் கணக்கு வருகிறது. முதலாளி தயங்குவது இங்கேதான் இருக்கும். வெளியேறும் குளிர்ந்த காற்றை வைத்து உள்ளே வரும் சூட்டுக் காற்றைத் தணிக்கும் கருவி ஒன்று இருக்கிறது, ஈஆர்வி என்று கேட்டால் கிடைக்கும். பாதிக்கு மேல் மிச்சம் பிடிக்கும். விலை அதிகம், ஆனால் வருடத்தில் பத்து மாதம் ஏசி போடும் ஊரில் அது வீண் செலவு இல்லை. கை கடிக்கிறது என்றால் சாதா ஃபேனோடு தொடங்கி, ஏசியை 24-ல் வைத்துக்கொண்டு, சீலிங் ஃபேன் மாட்ட முடியாத இடத்தில் சுவர் ஃபேன் போடுங்கள். மார்கழி, தை மாதங்களில் காலை வேளையில் ஏசியே வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும். அதற்காகவாவது முன்பக்கம் அடைத்த ஜன்னலில் ஒன்றிரண்டைத் திறக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். மாசி வீதிகளில் பழைய வீடுகளை இடித்துக் காம்ப்ளக்ஸ் கட்டும்போது முற்றத்தை மூடி அந்த இடத்தையும் வாடகைக்கு விடுகிறார்கள். கட்டடம் மூச்சு விடும் வழியைத்தான் முதலில் அடைக்கிறார்கள், எனக்கு அது ஒவ்வொரு முறையும் வேதனையாக இருக்கும்.

இனி காலையில் கண் எரிவது. ராத்திரி முழுக்க யாருமே இல்லாத ஹாலில் மூச்சுக் காற்று சேர வழியில்லை. அங்கே சேர்வது உங்கள் புது மேஜையிலிருந்தும் அலமாரியிலிருந்தும் வருவது. பிளைவுட், எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இவற்றை ஒட்டும் பசையில் ஃபார்மால்டிஹைடு என்ற, கண்ணை எரிக்கும் வாயு இருக்கிறது. அது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். சூடு கூடினால் கசிவும் கூடும். சாயங்காலம் ஏசியை நிறுத்திப் பூட்டிப் போனபிறகு மதுரைச் சூட்டில் அந்த ஹால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரவு முழுக்கக் கசிந்தது மறுநாள் நீங்கள் கதவைத் திறக்கும்போது கண்ணில் படுகிறது. முதலில் வருகிறவர் ஏசியைப் போடுவார், அதுதான் பழக்கம். அதை மாற்றுங்கள். அரை மணி முன்னால் வந்து எல்லாவற்றையும் திறந்து, எக்ஸாஸ்ட் இருந்தால் ஓட விட்டு, கண் எரிச்சல் போன பிறகு அடைத்து ஏசி போடட்டும். மேலே சொன்ன ஃபேன் வந்துவிட்டால், டைமர் வைத்துக் காலை எட்டு மணிக்கே அதுவாக ஓடும்படி செய்துவிடலாம். அப்புறம் அந்த மேஜைகளின் அடிப்பக்கத்தையும் அலமாரியின் பின்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் மைக்கா ஒட்டியிருப்பார்கள், மறைவில் பலகை வெறுமையாக நிற்கும். ஒயர் போக ஓட்டை போட்ட இடமும் அப்படித்தான். ஆசாரியைக் கூப்பிட்டு அந்த வெறும் ஓரங்களை எட்ஜ் பேண்ட் ஒட்டியோ, வாடை அதிகம் வராத சீலர் பூசியோ மூடச் சொல்லுங்கள். இனிமேல் பலகை வாங்கினால், ஃபார்மால்டிஹைடு குறைவாகக் கசியும் 'ஈ0' அல்லது 'ஈ1' தரம் கேளுங்கள்.

ஓசோன் மெஷின் வேண்டாம் என்றதற்குக் காரணம் இங்கே வருகிறது. ஓசோன் நுரையீரலை எரிக்கும் வாயு. வீசிங் உள்ள பெண் உட்காரும் அறையில் அதை வைப்பது அவளுக்குக் கெடுதல். அது மட்டும் இல்லை. பைன் வாசனை ஃபினாயில், எலுமிச்சை வாசனை கிளீனர் போட்டுத் துடைத்த தரையிலிருந்து எழும் வாசனைப் பொருளோடு ஓசோன் சேர்ந்தால், புதிதாக ஃபார்மால்டிஹைடு உண்டாகிறது. எதை விரட்ட வாங்குகிறீர்களோ அதையே அந்த மெஷின் உற்பத்தி செய்யும். 'அயனி', 'பிளாஸ்மா' என்று சொல்லி விற்கிற மெஷின்களிலும் ஓசோன் எவ்வளவு வருகிறது என்று கேட்டு, எழுத்தில் வாங்காமல் எடுக்காதீர்கள்.

ஹெப்பா ஃபில்டர் உள்ள பியூரிஃபையர் வேறு விஷயம். அது நல்ல பொருள். தூசி, புகை, மகரந்தம், கிருமி ஒட்டிய நுண்துளி எல்லாவற்றையும் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. கலங்கிய தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் மண் தங்கும், கரைந்த உப்பு தங்காது இல்லையா, அப்படித்தான். வெளிக்காற்றுக்கு வழி செய்த பிறகும் தூசி குறையவில்லை என்றால் வாங்கலாம். ஆனால் ஒன்று போதாது. மணிக்கு ஐந்து தடவை ஹால் காற்று முழுதும் ஃபில்டர் வழியாகப் போக வேண்டும் என்றால் 'சிஏடிஆர்' எண், அதாவது மெஷின் மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்பது, 765-க்கு மேல் வேண்டும். வீட்டுக்கு விற்கிற மெஷின்களில் பெரும்பாலும் 250-லிருந்து 400 வரைதான் இருக்கும்.

செடிகள் வாங்குங்கள், கண்ணுக்குக் குளிர்ச்சி. காற்றுக்காக வேண்டாம். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா 1989-ல் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. அவர்கள் சோதித்தது சின்ன, மூடிய பெட்டிக்குள். அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்து 2019-ல் வந்த கட்டுரை, கட்டடத்தில் சாதாரணமாக நடக்கும் காற்று மாற்றத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. தொட்டியில் தண்ணீர் தேங்கினால் பூஞ்சையும் கொசுவும்தான் மிச்சம்.

நீங்கள் எழுதாத சில விஷயங்களும் இருக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் ஊதுபத்தி போடுவீர்கள். நானும் போடுகிறவன்தான், நிறுத்தச் சொல்லவில்லை. ஏசி போட்டு அடைத்த ஹாலில் போடாமல், காலையில் எல்லாம் திறந்திருக்கும் அந்த அரை மணியில் போட்டு, புகை முழுக்கப் போன பிறகு அடையுங்கள். அந்த நேரத்தில் வீசிங் உள்ளவர் உள்ளே இருக்க வேண்டாம். கொசுவர்த்திச் சுருளை அடைத்த அறையில் ஏற்றவே கூடாது. கக்கூஸில் அந்துருண்டை போடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அந்த வாடை நாஃப்தலீன் என்ற ரசாயனம், நல்லதில்லை. ஜெராக்ஸ் மெஷினும் பெரிய பிரிண்டரும் ஹாலின் நடுவில் இருந்தால், எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் ஓதம் ஏறியிருந்தாலோ, ஏசி தண்ணீர் கசிந்து கறை பிடித்திருந்தாலோ, அங்கே பூஞ்சை வளரும். பெயின்ட் அடித்து மறைக்காமல் கசிவை அடையுங்கள்.

அந்தப் பெண்ணை நெஞ்சக மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். போகும்போது, வேலை நாளில் அதிகம், விடுமுறையில் குறைவு என்பதையும் புது மேஜை வந்த மாதத்தையும் எழுதிக்கொண்டு போகட்டும். மருத்துவருக்கு அது மிகவும் உதவும். அதுவரை அவள் இருக்கையைக் கதவுப் பக்கமோ பின்பக்க ஜன்னல் பக்கமோ மாற்றிக் கொடுங்கள். லீவு எடுக்கிறாள் என்று யாரும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

ஜெனரேட்டரை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அது ஓடும் நேரத்தில் தலைவலி கூடுகிறதா, குமட்டுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் அது மூச்சுக் காற்று விவகாரம் இல்லை, ஜெனரேட்டர் புகை உள்ளே வருகிறது, அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும் வாயு, தனியாக வாடையும் கிடையாது. அதற்கென்று ஓர் அலாரம் வாங்கிச் சந்துப் பக்கச் சுவரில் மாட்டுங்கள். அலாரம் அடித்தால் எல்லோரும் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதி வைத்திருக்கிறது. ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி, வருகிற மீட்டரைக் கட்டடத்தின் உயரத்தோடு கூட்ட வேண்டும். 25 கேவிஏ என்றால் மொட்டை மாடிக்கு மேலே இன்னும் ஒரு மீட்டர். உங்கள் சந்தில் குழாய் எங்கே முடிகிறது என்று அண்ணாந்து பாருங்கள். பாதியில் நின்றால் கட்டட உரிமையாளருக்கு இந்தக் கணக்கோடு எழுதிக் கொடுங்கள். அவர் அசையாவிட்டால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதுரை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

ஒரு வார மீட்டர் எண்களையும், ஹாலில் கதவு, ஜன்னல், ஏசி, ஜெராக்ஸ் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்த படத்தையும் அனுப்புங்கள். ஃபேன் எந்த அளவு, டக்ட் எந்தப் பக்கம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.